எருக்கு நாரும் வலது கண்ணும்

தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போது என் மகள், "இரும்மா, கண்ணுல என்னவோ விழுந்துடுச்சு" என்று சொல்லி ரிசீவரைக் கீழே வைத்தால், அவள் திரும்பி வரும்வரை நான் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்க மாட்டேன். வந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, எந்தக் கண் என்பதுதான். இடது என்றால் எனக்கு உயிர் வரும். வலது என்றால் அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடாது. கல்யாணமாகி இன்னொரு ஊரில் குடித்தனம் நடத்துகிறவளிடம் இப்படிக் கேட்பது அசட்டுத்தனம் என்று எனக்கே தெரியும். கேட்காமல் இருக்க முடியவில்லை.

அது நடந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. அவள் அப்போது எம்.எஸ்ஸி. கடைசி வருடம், துணி சம்பந்தப்பட்ட படிப்பு. வகுப்பில் ஒவ்வொருத்தியும் ஒரு செடியிலிருந்து நார் எடுத்து, அதைப் பருத்தியோடு கலந்து நூற்று, அந்த நூலில் ஓர் உள்ளங்கை அகலத்துக்காவது துணி நெய்து காட்ட வேண்டும். கெட்டிக்காரிகள் வாழையை எடுத்துக்கொண்டார்கள். வாழை நார் எந்தப் பூக்கடையிலும் கிடைக்கும். ஒருத்தி அன்னாசி இலை. என் மகள் எருக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நின்றாள்.

"எருக்கா? பிள்ளையாருக்கு மாலை போடுறோமே, அதுவா?" என்றார் என் கணவர். "அதுல புடவை நெய்தா யாரு கட்டுவா? பிள்ளையாரோட சம்சாரமா? அவருக்குத்தான் இன்னும் பொண்ணே பார்க்கலையே."

"சிரிங்கப்பா, சிரிங்க. அதோட தண்டு நார் பட்டு மாதிரி மினுக்கும். இழுத்தா அறாது. முதல் துணியில உங்களுக்குத்தான் கர்ச்சீப்."

எனக்கும் அந்தச் செடியிடம் பயம் எதுவும் வரவில்லை. பயப்படுவதற்கு எனக்குக் காரணமே வேண்டாம் என்று வீட்டில் கேலி செய்வார்கள். பேருந்துப் படிக்கட்டு, கேஸ் அடுப்பு, கடல், மொட்டை மாடியின் கட்டைச் சுவர், எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள் நான். எருக்கு மட்டும் அந்த வரிசையில் இல்லை. ரதசப்தமிக்கு அதன் இலையைத் தலையில் வைத்துக் குளித்து வளர்ந்தவள். சின்ன வயதில் காலில் முள் ஏறினால் அதன் பாலைத்தான் ஒரு சொட்டு வைப்பார்கள். நான் பயந்தது கொட்டிவாக்கத்துக்கு. எருக்கு அங்கேதான் காடாக வளர்ந்து கிடந்தது, கடற்கரையை ஒட்டிய காலி மனைகளில். ஆள் நடமாட்டம் இல்லாத அந்த இடத்துக்குப் பெண் பிள்ளைகள் கத்தியோடு போய் வருவதா என்று ஒரு வாரம் புலம்பினேன். தோழி ஒருத்தியோடு போய் வெட்டி, கோணியில் சுற்றி, பேருந்தில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டாள். "இன்னாமா இது, கல்யாணத்துக்கு வெறகா?" என்று நடத்துநர் கேட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

நாங்கள் மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்கார மாமியும் மாமாவும். மொட்டை மாடி எங்களுக்கும் பொது. வெட்டிய தண்டுகளை அங்கேதான் பரப்பிக் காயவைத்தாள். காயக் காய உள்ளே இருக்கும் பால் வற்றிவிடும். அதற்குப் பிறகு தண்ணீரில் ஊறப்போட வேண்டும். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். தோல் இளகியதும் உரித்து, கட்டையால் தட்டி, அலசி, சீப்பு போட்டு வாரினால் நார் தனியே வரும். புத்தகத்தில் அப்படி இருந்தது. எங்கள் தெருவில் அந்த வருடம் குடிக்கவே தண்ணீர் இல்லை. லாரி வரும் நாள் வரும், வராத நாள் வராது. குடத்துக்குக் குடம் சண்டை நடக்கும் தெருவில் எருக்கங்குச்சி ஊறுவதற்கு யார் தண்ணீர் கொடுப்பார்கள்? மாற்றாத தண்ணீரில் ஊறி ஊறித் தண்டு அழுகியது. நாற்றம் மாடிப்படி இறங்கிக் கீழே போய்விட்டது.

மாமி படியேறி வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். "ஏண்டிம்மா, நீ நூல் நூக்கறயா, இல்லை எலியை ஊறப் போட்டிருக்கியா? ஆத்துல மாமா சாப்பிட ஒக்காந்துண்டு தட்டை நகர்த்தி வெச்சுட்டார்."

"ரெண்டு நாள் மாமி, முடிஞ்சிடும்."

"இதையேதான் போன வெள்ளிக்கிழமையும் சொன்னே."

முடிந்துதான் போனது. உரித்துப் பார்த்தபோது நார் கையோடு கூழாக வந்தது. இழுத்தால் அறாது என்றவள், தொட்டாலே அறுந்ததைப் பார்த்து அழுதாள். கல்லூரியில் கொடுத்திருந்த கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. வாழைக்கு மாறிவிடு என்று வழிகாட்டி மேடம் சொல்லிப் பார்த்தார். மாட்டேன் என்றுவிட்டு, மறுபடி கொட்டிவாக்கம் போய்ப் புதிதாகத் தண்டு வெட்டி வந்தாள். நாங்கள் இருவரும் அலுவலகம் போன பிறகு மொட்டை மாடியில் அவள் என்ன செய்தாள் என்பது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

ஒரு மாலை நான் வேலை முடிந்து வந்தபோது அவளுடைய வலது கண் சிவந்திருந்தது.

எங்கள் ஊரின் பெயரையே வைத்துக்கொண்ட நோய் ஒன்று உண்டு. அது அப்போது தெருவில் வீடு விடாமல் புகுந்திருந்தது. என் அலுவலகத்திலேயே பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே, சிவந்த கண்ணைப் பார்த்த எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னோம்: மெட்ராஸ் ஐ. மாமி கீழேயிருந்தே, "கிட்ட வராதேடிம்மா, அங்கேர்ந்தே பேசு" என்றாள். என் கணவர் பாண்டி பஜார் நடைபாதையில் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி வந்தார். அவளுடைய துண்டு, தலையணை எல்லாவற்றையும் நான் தனியாக எடுத்து வைத்தேன். மருந்துக் கடையில் எல்லாரும் வாங்கிய சொட்டு மருந்தை நாங்களும் வாங்கினோம்.

"வலிக்குதா?"

"இல்லம்மா."

"உறுத்துதா? மணல் விழுந்த மாதிரி?"

"கொஞ்சம்கூட இல்ல. ஆளை விடும்மா."

என் கணவர் திருச்சிக்கு அலுவலக வேலையாகக் கிளம்பிப் போனார். போகும்போது, "எங்கிட்ட ஒட்டிக்கறதுக்குள்ள ஓடுறேன்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

மறுநாள் காலையில் அவள் எழுவதற்கு முன்பே நான் வெந்நீரும் பஞ்சும் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். மெட்ராஸ் ஐ வந்தால் காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். பீளை கட்டி, வெந்நீரில் நனைத்துத் துடைத்தால்தான் கண் திறக்கும். அவள் புரண்டு படுத்தாள், கண்ணைத் திறந்தாள், எழுந்து போனாள். பஞ்சு என் கையிலேயே இருந்தது. பரவாயில்லை, லேசாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதற்கும் அடுத்த நாள் காலை அதேதான். கண் சிவப்பாக இருந்தது, பீளை இல்லை, நீர் வடியவில்லை, வலி இல்லை. எனக்கும் ஒட்டவில்லை. கீழே மாமிக்கு அவள் வீட்டுக்காரர் மூலம் வந்துவிட்டது. ஒரே அறையில் படுக்கிற எனக்கு வரவில்லை. நான் கண்ணாடி முன் நின்று என் இமையை இழுத்து இழுத்துப் பார்த்தேன். வரக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு வந்துவிட்டால், அவளுக்கு வந்ததும் அதுதான் என்று ஆகிவிடும்.

சனிக்கிழமை சாயங்காலம் விளக்கைப் போட்டேன். பாயில் உட்கார்ந்து பஞ்சைப் பிரித்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தி ட்யூப்லைட்டையே பார்த்தாள்.

"லைட்டைச் சுத்தி வளையம் வளையமா இருக்கும்மா. வானவில் மாதிரி."

"எங்க?"

"உனக்குத் தெரியலையா?"

அவள் எதிரில் போய் உட்கார்ந்து, என் உள்ளங்கையால் அவளுடைய இடது கண்ணை மூடினேன். அன்றைய செய்தித்தாளை எடுத்து முதல் பக்கத்தை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"படி."

"எதை?"

"தலைப்பை. பெரிசா இருக்கே, அதை."

அவள் முகத்தை முன்னால் கொண்டுவந்தாள். இன்னும் கொஞ்சம் கொண்டுவந்தாள். தாள் அவள் மூக்கில் பட்டது.

"கறுப்பா ஒரு பட்டை தெரியுது" என்றாள். பிறகு உடனே, "மருந்து விட்டிருக்கேன்ல, அதான் மங்கலா இருக்கு. காலையில சரியாயிடும்" என்றாள்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

தெருமுனையில் ஆட்டோக்காரர் அவளுடைய கறுப்புக் கண்ணாடியைப் பார்த்ததும் கையை ஆட்டிவிட்டார். "மெட்ராஸ் ஐயா? ஐயோ, பேஜாரும்மா. வூட்ல கொயந்த கீது. வேற வண்டி பாத்துக்கோ." அடுத்தவர் நிறுத்தவே இல்லை. கண்ணாடியைக் கழற்று என்றேன். கழற்றினால் கண்ணின் சிவப்பு தெரிந்தது; மறுபடி மாட்டிக்கொண்டாள். மூன்றாவது ஆட்டோவைக் கேட்பதற்குப் பொறுமை இல்லை. எனக்குத் தெரிந்த கண் டாக்டர் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், தி.நகரில், பனகல் பூங்காவைத் தாண்டி ஒரு சந்தில் இருந்தார். அவளை இழுத்துக்கொண்டு மாம்பலம் ஸ்டேஷன் பாலத்தில் ஏறினேன்.

பாலத்தை இறங்கினால் ரங்கநாதன் தெரு. தீபாவளிக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனாலும் சனிக்கிழமை. அந்தத் தெருவில் நாம் நடப்பதில்லை. கூட்டம் நம்மை நடத்திக்கொண்டு போகும். நான் அவளுக்கு வலது பக்கம் போய் நின்று தோளைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கத்திலிருந்து வருகிற பையையும் முழங்கையையும் அவள் பார்க்கவில்லை. என் மேல் இடித்துவிட்டுப் போனார்கள். தலையில் எவர்சில்வர் அண்டாவை வைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். நான் விலகினேன், அவள் விலகவில்லை. விளிம்பு அவள் நெற்றிக்கு ஒரு விரல் தள்ளிப் போனது. அது வந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

"இன்னா சிஸ்டர், லைட்டு போட்ட நேரத்துல கூலிங் கிளாஸு? ஷூட்டிங்கா?" என்று நைட்டி விற்கிற ஓர் இளைஞன் கத்தினான். பக்கத்துக் கடைக்காரன், "டேய், பக்கத்துல அம்மா வர்றாங்கடா, கால்ஷீட் அவங்ககிட்டதான் கேக்கணும்" என்றான். என் மகள் சிரித்தாள். அவள் எப்படிச் சிரித்தாள் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

டாக்டர் அம்மா என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், வேகமாகப் பேசுகிறவர். அன்று அங்கே வந்திருந்த எல்லாருக்கும் சிவந்த கண்தான். எங்கள் முறை வந்ததும் சுவரில் இருந்த ஆங்கில எழுத்துப் பலகையைக் காட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் படிக்கச் சொன்னார். முதலில் நல்ல கண். என் மகள் மேல் வரியிலிருந்து கடைசி வரி வரை படபடவென்று படித்தாள். அடுத்து இடது கண்ணை மூடச் சொன்னார். மறுபடியும் மேல் வரியிலிருந்து தொடங்கினாள். நிறுத்தாமல், தடுமாறாமல், கடைசி வரிக்கு முந்தின வரி வரைக்கும் சொன்னாள்.

"பார்வை நல்லாத்தானேம்மா இருக்கு" என்று டாக்டர் சீட்டு எழுதக் குனிந்தார்.

சற்று முன்னால் வீட்டில் செய்தித்தாளின் தலைப்பைப் படிக்காதவள் இவள். சின்ன வயதிலிருந்தே ஒருமுறை கேட்டால் அப்படியே ஒப்பிக்கிறவள். வாய்ப்பாட்டையும் அப்படித்தான் ஒப்பித்தாள்.

"டாக்டர், இவ பார்த்துச் சொல்லல. மனப்பாடமாச் சொல்றா."

"அம்மா!"

"இப்பத்தான் மொதல் கண்ணால படிச்சா. அதையே திருப்பிச் சொல்றா. வேற எழுத்தைக் காட்டுங்க."

டாக்டர் பேனாவை மூடிவிட்டு அவளைப் பார்த்தார். எழுந்து போய்ப் பலகையைத் திருப்பி மாட்டினார். பின்பக்கம் தமிழ் எழுத்துகள் இருந்தன. மேலே ஒரே ஓர் எழுத்து, ஒரு சாண் உயரத்துக்கு. எனக்கு வாசலிலிருந்தே தெரிந்தது.

என் மகள் கழுத்தை முன்னால் நீட்டினாள். இடது கண்ணை மூடிய கையை அவள் எடுக்கவில்லை.

"பலகை தெரியுது, டாக்டர்" என்றாள் கடைசியில். "வெள்ளையா."

டாக்டர் அவளை இருட்டறைக்கு அழைத்துப் போய் ஒரு கருவியில் மோவாயை வைக்கச் சொல்லி, கண்ணுக்குள் ஒளியைப் பாய்ச்சினார். வெகு நேரம் பார்த்தார். நான் கதவோரத்தில் நின்றேன்.

"இது மெட்ராஸ் ஐ இல்ல. கருவிழி வீங்கிப் புகை மூடின மாதிரி இருக்கு. கண்ணுல என்ன பட்டுச்சு?"

"ஒண்ணும் படல."

"என்னம்மா படிக்கறே நீ?"

அவள் சொன்னாள். செடி நார், பருத்தி, கலப்பு நூல். என்ன செடி என்று டாக்டர் கேட்டதும், சொல்வதா வேண்டாமா என்று என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"எருக்கு" என்றாள். "பால் ஒரு சொட்டு தெறிச்சுது. ஆனா எரியவே இல்ல டாக்டர். சத்தியமா. எரிஞ்சிருந்தா நான் அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

"எரியாது. வலிக்காது. கண்ணை மரத்துப் போக வெச்சிடும் அந்தப் பால். அதனாலதான் எல்லாரும் லேட்டா வர்றாங்க. உடனே கழுவினியா?"

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. ஊறப்போடத் தண்ணீர் இல்லாததால், காயவைக்காமல் பச்சைத் தண்டையே உரித்துப் பார்த்திருக்கிறாள். நார் இன்னும் வெள்ளையாக, இன்னும் நீளமாக, பளபளவென்று வந்திருக்கிறது. புத்தகத்தில் இல்லாத வழி. சந்தோஷத்தில் ஒவ்வொரு தண்டாக முறித்து முறித்து உரித்திருக்கிறாள். முறிக்கும்போது தெறித்தது. மொட்டை மாடித் தொட்டி காலி. பக்கத்தில் இருந்தது முன்பு ஊறப்போட்ட நாற்றத் தண்ணீர் மட்டும்தான். அதில் கழுவ அருவருப்பாக இருந்ததால் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு மிச்சத் தண்டையும் உரித்து முடித்துவிட்டுத்தான் கீழே வந்திருக்கிறாள்.

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ எல்லாத்தையும் தூக்கிக் குப்பையில போட்டிருப்ப."

போட்டிருப்பேன்.

டாக்டர் ஒரு தாளில் கண்ணை வரைந்து காட்டினார். "கருவிழிக்கு உள்பக்கம் மெல்லிசா ஓர் அடுக்கு இருக்கு. அதுல போனது போனதுதான், மறுபடி வளராது. மிச்சம் இருக்கறது போதுமா, வேலை செய்யுமான்னு மருந்து விட்டுத்தான் பார்க்கணும். முழிச்சிருக்கற நேரமெல்லாம் மணிக்கு ஒரு தடவை விடுங்க. புதன்கிழமை வாங்க."

"தெளியுமா டாக்டர்?"

"புதன்கிழமை வாங்க" என்றார் மறுபடியும்.

அந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று கோவையாகச் சொல்ல வரவில்லை. அலுவலகத்துக்கு விடுப்புச் சொன்னேன். மருந்து விட்டேன். என் கணவர் திருச்சியிலிருந்து வந்து கேட்டுவிட்டு, "போன வாரம்தானே பிள்ளையாருக்கு நானே மாலை வாங்கிட்டு வந்தேன்" என்று அதையே நாலு தரம் சொன்னார். அதற்குப் பிறகு அவரும் வேடிக்கை பேசவில்லை. மாமி தன் சிவந்த கண்ணோடு படியேறி வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "நான் அன்னிக்கு நாத்தம்னு கத்தினதாலதான் கொழந்தை அவசரப்பட்டுடுத்தோ" என்று என்னிடம் கேட்டாள். இல்லை மாமி என்றேன். யாரால் என்று கணக்குப் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

எனக்கு வேண்டியதெல்லாம் அவளுக்கு இப்போது தெரிகிறதா என்பதுதான். அதை அவளிடம் கேட்டுப் பயனில்லை. தெரிகிறது என்றுதான் சொல்வாள். காலண்டரைக் காட்டினால் தேதி அவளுக்குத் தெரியும். செய்தித்தாளை முன்கூட்டியே இடது கண்ணால் பார்த்து வைத்துக்கொள்வாள். ஆகவே நான் நினைத்த நேரத்தில் போய், அவளுடைய இடது கண்ணைப் பொத்திக்கொண்டு நினைத்த பொருளைக் காட்டினேன்.

"இது என்ன?"

"கத்திரிக்காய்."

"ஊதா நிறத்தை வெச்சுச் சொல்றியா?"

"ஆமா, வெண்டைக்காய் ஊதாவாவா இருக்கும்? அம்மா, நீ என்னை விடவே மாட்டியா?"

"எத்தனை காய் வெச்சிருக்கேன்?"

அவள் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். இரண்டு என்றாள். மூன்று இருந்தது. நான் அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

புதன்கிழமை டாக்டர் பார்த்துவிட்டு, புகை கொஞ்சம் விலகியிருக்கிறது என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். தமிழ்ப் பலகையில் மேல் எழுத்தும் அடுத்த வரியும் படித்தாள். அந்தப் பலகையை அவள் போன தடவை ஒரு கண்ணாலும் படிக்கவில்லை என்பதை நான் மனதுக்குள் இரண்டு முறை உறுதிசெய்துகொண்டேன். அடுத்த வாரம் இன்னும் இரண்டு வரி. "இதோட நிக்கலாம், இன்னும் தெளியலாம். இனிமே அந்தச் செடி பக்கத்துலயே போகக் கூடாது" என்றார் டாக்டர்.

வெளியே வந்து பேருந்துக்கு நிற்கும்போது அவள் மெதுவாக ஆரம்பித்தாள். நார் போதாதாம். ராட்டையில் நூற்று ஒரு முழத் துணிக்குத் தேறும் அளவுக்கு இன்னும் வேண்டுமாம். தோழி வெட்டித் தருவாளாம்.

வேண்டாம் என்று சொல்வது எனக்கு மிகவும் எளிது. சொல்லியிருந்தால் தலையை ஆட்டியிருப்பாள். பிறகு நான் அலுவலகம் போகிற ஒரு நாளில், எனக்குத் தெரியாமல், யார் வீட்டு மாடியிலோ உட்கார்ந்து பச்சைத் தண்டை முறித்திருப்பாள். டாக்டர் முன்னால் எழுத்தை ஒப்பித்தவளை எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் இனி எதுவும் அவள் பக்கத்தில் வரக் கூடாது என்றால், அந்தச் செடியை நான்தான் தொட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை என் கணவர் ஸ்கூட்டரில் என்னைக் கொட்டிவாக்கம் அழைத்துப் போனார். அவருடைய ஹெல்மெட்டை நான் மாட்டிக்கொண்டு முகக் கண்ணாடியை இறக்கினேன். கைகளில் பால் கவரை வெட்டி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தேன். தோளில் ஒரு வாட்டர் பாட்டில் தண்ணீர், கழுவுவதற்கென்றே. காலி மனையில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஹெல்மெட்டோடு குனிந்து எருக்கு வெட்டினேன். கடற்கரைக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

"இன்னாமா, ஹெல்மெட்டு மாட்டிக்கினு பூ பறிக்கிற? வண்டி எங்க கீது?" என்றார் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர்.

"வண்டி நான்தாங்க" என்றார் என் கணவர். திருச்சியிலிருந்து வந்த பிறகு அவர் பேசிய முதல் வேடிக்கை அது.

முதல் வெட்டிலேயே பால் பொங்கிச் சொட்டியது. குடிக்கிற பாலைப் போல அவ்வளவு வெள்ளையாக, அவ்வளவு சாதுவாக இருந்தது. வெட்டியதையெல்லாம் அங்கேயே மணலில் போட்டு வெட்டுவாயை மணலால் தேய்த்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து மொட்டை மாடியில் பரப்பி, படிக்கட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை என் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டேன். பச்சையாக உரித்தால்தான் நார் நன்றாக வரும் என்று அவள் மன்றாடினாள். அந்தப் பேச்சே கூடாது என்றேன். தண்டுகள் சுள்ளியாகக் காய்ந்த பிறகு, லாரித் தண்ணீரில் எங்கள் பங்கில் பாதியை அதற்கு ஊற்றி, நானே ஊறப்போட்டேன், நானே உரித்தேன், நானே தட்டி அலசினேன். கதவுக்கு அந்தப் பக்கம் கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டு அவள் சொல்லச் சொல்லச் செய்தேன். சரியாக வரவில்லை. கொஞ்சம் பழுப்பாக, கொஞ்சம் முரடாக வந்தது. அலசிக் காயவைத்து, பால் வாடையே இல்லை என்று முகர்ந்து பார்த்த பிறகுதான் அவள் கையில் கொடுத்தேன்.

கலக்கும் வேலை அவளுடையது. அதை என்னிடம் விடமாட்டேன் என்றுவிட்டாள். நீள நாரை அப்படியே பருத்தியோடு சேர்த்தால் சேராது, இரண்டும் தனித்தனியாக நிற்கும். பஞ்சு இழையின் நீளத்துக்கு, விரல்கணு அளவுக்கு, நாரைக் கத்தரித்துக்கொள்ள வேண்டும். கம்பிப் பல் வைத்த இரண்டு பலகைகளுக்கு நடுவில் ஒரு பிடி நாருக்கு மூன்று பிடி பஞ்சு என்று வைத்து, மாற்றி மாற்றி வாரி வாரி, எது எருக்கு எது பருத்தி என்று தெரியாமல் ஆக்க வேண்டும். வார வாரத் தூசியும் துரும்பும் பறந்தன. நான் அவள் எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு துரும்பும் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கண்ணாடி போட்டுக்கோ."

"போட்டுட்டுத்தான் இருக்கேன்."

"தள்ளி வெச்சுக்கோ, முகத்துக்கிட்ட கொண்டு போகாத."

அவள் பலகைகளைக் கீழே வைத்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். நான் கேட்காமலே இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, வலது கண்ணால் என்னையே பார்த்தாள். என்ன கேட்பது என்று எனக்குத் தோன்றவில்லை. கையில் காய் எதுவும் இல்லை.

"உன் பொட்டு நகர்ந்திருக்கும்மா" என்றாள். "இடது புருவத்துக்கு மேல ஒட்டிட்டிருக்கு."

எழுந்து போய்ச் சுவர்க் கண்ணாடியில் பார்த்தேன். நகர்ந்துதான் இருந்தது.